பெயர் சொல்லும் பலகை

'பேரன்', 'பேத்தி' என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். 'பெயரன்', 'பெயர்த்தி' என்பவையே இச்சொற்களின் முழு வடிவம். பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பது பொருள். பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பெயரையோ பாட்டியின் பெயரையோ இடும் வழக்கம் இன்றும் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆள் மறைந்தாலும் பெயர் மறையக்கூடாது என்று முன்னோர் எண்ணியதன் அடையாளம் அது.

இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு மாணவியும் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நமக்குப் பாட்டிமார் இருவர், கொள்ளுப்பாட்டிமார் நால்வர். அந்த நால்வரின் பெயரும் நமக்குத் தெரியுமா? பலருக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும். சிலருக்கு அதுவும் தெரியாது. அவர்கள் வாழ்ந்து மறைந்து நூறாண்டுகூட ஆகியிராது. அவர்கள் சமைத்த பாத்திரம்கூட நம் வீட்டுப் பரணில் இருக்கலாம். ஆனால் பெயர் போய்விட்டது.

அப்படிப் போகாமல் காக்கச் சிறு வழி ஒன்று உண்டு. குடும்பத்து முன்னோரின் பெயர்களை நம் கையாலேயே ஓர் அழகிய பலகையில் எழுதி, வீட்டு முன்கூடத்தில் மாட்டுவதே அது. கடையில் விற்கும் பெயர்ப்பலகை, வீட்டில் இப்போது யார் இருக்கிறார் என்று தபால்காரருக்குச் சொல்லும். நாம் செய்யப்போகும் பலகை, இந்த வீடு யாரால் வந்தது என்று வீட்டாருக்கே சொல்லும். அதைச் செய்யும் முறையை இங்கு காண்போம்.

மலைக்கு அப்பால் ஒரு கல்

வத்திராயிருப்பில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரிகிறது. அம்மலைகளுக்கு அப்பால் வருசநாட்டுப் பக்கம். அங்கே வைகை ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர் அங்கே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவை ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்பது அறிஞர் கருத்து.

அவற்றுள் ஒரு கல்லில் சில சொற்களே உள்ளன. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் உயிர் நீத்த பேடு தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் இது என்பது அதன் கருத்து. ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்தல். அந்தவன் அரசன் அல்லன். அவனைப் பற்றி வேறு எந்த ஏட்டிலும் குறிப்பில்லை. ஆயினும் அவன் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. காரணம், அவனுடைய ஊரார் மூன்று செய்திகளைத் தவறாமல் பொறித்தார்கள்: பெயர், ஊர், செயல்.

நம் பலகைக்கும் இம்மூன்றே போதும். பெரிய பட்டம் வேண்டாம். நீண்ட புகழுரை வேண்டாம். 'இன்னார், இன்ன ஊரில் பிறந்தார், இன்ன வேலை செய்தார்' என்று எழுதினால் நிறைந்துவிட்டது.

படத்துக்கும் நம் வட்டாரத்திலேயே வழிகாட்டி உண்டு. தமிழ்நாடு அரசின் சின்னத்தில் உள்ள கோபுரத்தைத் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். அச்சின்னத்தில் முகப்பாக ஒரு கோபுரமும், 'வாய்மையே வெல்லும்' என்ற இரண்டே சொற்களும் உள்ளன. சொல்ல வேண்டியதைச் சுருக்கினால்தான் பார்ப்பவர் மனத்தில் நிற்கும்.

பாட்டியின் பெயர் எங்கே இருக்கிறது?

பலகை செய்வதில் கடினமான பகுதி மர வேலை அல்ல, பெயர்களைத் தேடுவதுதான். அதிலும் ஆண்களின் பெயர் எளிதில் கிடைத்துவிடும். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கிறது. தாயின் பெயருக்கு அங்கே இடமில்லை.

நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய தலைவர் காமராசரையே எடுத்துக்கொள்வோம். கு. காமராசர் என்பதில் உள்ள 'கு' அவருடைய தந்தை குமாரசாமியைக் குறிக்கிறது. தந்தையோ அவர் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். வளர்த்து ஆளாக்கியவர் தாயார் சிவகாமி அம்மையார். மகன் முதலமைச்சர் ஆனதால் அந்தத் தாயின் பெயர் ஏடுகளில் ஏறிற்று. மற்ற வீடுகளில் அப்படி நேர்வதில்லை.

ஆனால் நம் பாட்டிமாரின் பெயர் எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. பரணில் ஏறிப் பாருங்கள். சீர்வரிசையாக வந்த பித்தளைக் குடம், அண்டா, தூக்குவாளி, குத்துவிளக்கு ஆகியவற்றின் கழுத்திலோ விளிம்பிலோ பெயர் வெட்டியிருக்கும். சிறிய உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்துகள் அவை. சிலவற்றில் பிறந்த ஊரும், கொடுத்தவர் பெயரும், வருஷமும்கூட இருக்கும். வீட்டுப் பத்திரத்தில் இல்லாத அவர்கள் பெயர், தண்ணீர் எடுத்த குடத்தில் இருக்கிறது!

இந்தப் பாத்திரங்களைத்தான் நாம் பழைய பித்தளை என்று எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்குகிறோம். குடம் உருகும்போது பெயரும் உருகிவிடுகிறது. பாத்திரத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமற் போகலாம், அது குற்றமல்ல. ஆனால் போடுமுன் அந்த எழுத்தைப் படி எடுத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும்.

படி எடுப்பது எப்படி? பெயர் வெட்டிய இடத்தைப் புளியால் துலக்கி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். பட்டம் செய்யும் மெல்லிய தாளை அதன்மேல் விறைப்பாக வைத்து ஒட்டுத்தாளால் பிடித்துக்கொள்ளுங்கள். மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால், கறுப்பின் நடுவே எழுத்துகள் வெள்ளையாகத் தெளியும். கல்வெட்டு ஆய்வாளர்களும் ஏறக்குறைய இவ்வாறே செய்கிறார்கள். அவர்கள் ஈரத் தாளைக் கல்லின்மேல் பதித்து, மை ஒற்றிப் படி எடுக்கிறார்கள். அதனை மைப்படி என்பர்.

பாத்திரம் இல்லாத வீடுகளும் உண்டு. கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் சீர்வரிசை எங்கிருந்து வரும்? அவர்களுக்கு வேறு இடங்கள் உள்ளன. கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பார்க்கலாம். அவற்றில் பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், சாட்சிகள் பெயர் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம், ரேஷன் அட்டை ஆகியவையும் உதவும்.

இவை எல்லாவற்றிலும் மேலான பதிவேடு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியேதான். 'பாட்டி, உங்க அம்மா பேர் என்ன? அவங்க எந்த ஊர்லேருந்து வந்தாங்க? என்ன வேலை செஞ்சாங்க? அவங்களை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரே நாளில் எல்லாம் நினைவுக்கு வராது. நாலு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள். கேட்டதை உடனே நோட்டில் எழுதிவிடுங்கள்.

பிள்ளை இல்லாத பெரியம்மாவையும், கல்யாணம் செய்யாமலே தம்பி தங்கைகளை வளர்த்த அத்தையையும் விட்டுவிடாதீர்கள். துறவு மடத்தில் சேர்ந்த சகோதரி ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரையும் கேட்டு எழுதுங்கள். பெயர்த்தி இல்லாதவர்களின் பெயரைச் சொல்ல இந்தப் பலகையை விட்டால் வேறு யார்?

எதை எழுதலாம், எதை விடலாம்?

முதலில் ஊர். நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர்கள். ஆகவே பிறந்த ஊரையும் குறிப்பிட வேண்டும். பேச்சில் 'வத்ராப்' என்று சுருக்கிச் சொன்னாலும், பலகையில் வத்திராயிருப்பு என்று முழுப் பெயரையே எழுதுவது நல்லது. மாவட்டப் பெயர் வேண்டியதில்லை. அது மாறிக்கொண்டே இருப்பது. 1985-க்கு முன் நம் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது; 1985-இல் காமராசர் மாவட்டம் ஆயிற்று; 1997-இல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. வீட்டை விட்டு நகராமலே நம் பாட்டிமார் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார்கள்!

அடுத்தது வேலை. வயல் நடவு, களையெடுப்பு, தென்னந்தோப்புக் காவல், தறி நெசவு, இராஜபாளையம் நூற்பாலை வேலை, சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி நெசவு, மருத்துவம் பார்த்தல், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் என்று எதுவாயினும் அப்படியே எழுதுங்கள். 'வீட்டில் சும்மா இருந்தார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்துப் பேருக்குச் சோறு பொங்கியவர் சும்மா இருந்தவர் அல்லர். வேலைக்கு ஏற்ற ஒரு சிறு படத்தை மேலே வரையலாம். நெற்கதிர், ஏர், தறி நாடா, தென்னை, விளக்கு ஆகியவை வரைய எளியவை.

விட வேண்டியது சாதிப் பெயர். பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியது. முன்னோரை மதிப்பது வேறு. அடுத்த வீட்டாரைத் தாழ்த்துவது வேறு. நம் பலகையைப் பார்க்கும் தோழி யாராயினும், அவளுக்குத் தன் பாட்டியின் நினைவு வரவேண்டுமேயன்றி மனம் நோகக் கூடாது.

வேண்டிய பொருள்கள்

இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி உயரம், முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை ஒன்று. வீட்டில் கழித்துப் போட்ட பழைய கதவு, பரண் பலகை, பெட்டி மூடி இருந்தால் மிக நன்று. அதுவும் முன்னோர் சொத்துதானே! தேக்கு, வேம்பு, பூவரசு நல்லவை. இவ்வளவு அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்காவிட்டால், இரண்டைச் சேர்த்துப் பின்புறம் சட்டம் அடித்துத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். பிளைவுட்டும் போதும்.

மேலும் வேண்டியவை: முரட்டு உப்புத்தாள் ஒன்று, மெல்லிய உப்புத்தாள் ஒன்று, மர பிரைமர், எனாமல் பெயிண்ட் இரு நிறங்களில் சிறு டப்பாக்கள், டர்பன்டைன், ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ், எழுத்துக்கு மெல்லிய பிரஷ் இரண்டு, அளவுகோல், பென்சில், பெரிய தாள், பழைய துணி.

ஓர் எச்சரிக்கை. பழைய மரத்தில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக் கூடும். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி உள்ளது. அதற்கு முந்தியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஈயத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதி. ஆகவே பழைய பூச்சை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்வதே நல்லது; சிறுபிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

செய்முறை

1. பலகையை முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு மெல்லியதாலும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்கவும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பள்ளங்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, காய்ந்தபின் மறுபடி தேய்க்கவும்.

2. பிரைமரை முன்பக்கம் மட்டுமன்றிப் பின்பக்கத்திலும் ஓரங்களிலும் பூசவும். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; வெயிலில் அதை விடும். ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் மறுபக்கம் உப்பிப் பலகை வளைந்துவிடும்.

3. ஒரு நாள் காயவிட்டு, மெல்லியதாகத் தேய்த்து, அடிநிற எனாமலை இரண்டு முறை பூசவும். தடித்த ஒரு பூச்சை விட மெல்லிய இரு பூச்சுகள் நீடித்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் சரியாகக் காயாது. பொங்கலுக்குப் பின் தொடங்குவது நலம்.

4. நிறம் தேர்வதில் இரயில் நிலையப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து. ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கலாம். கரும்பச்சையில் வெளிர்மஞ்சளும் அழகாகவே இருக்கும். சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் அதைக் குறைத்துக்கொள்ளவும்.

5. நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் ஓரம் விடுங்கள். உள்ளே 15 அங்குல உயரம் கிடைக்கும். மேலே மூன்று அங்குலம் படத்துக்கு. அதன்கீழ் ஒவ்வொருவருக்கும் இரண்டரை அங்குலமாக நால்வருக்குப் பத்து அங்குலம். கடைசி இரண்டு அங்குலத்தை வெறுமையாக விடுங்கள். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

6. எழுத்துகளை முதலில் பெரிய தாளில் எழுதிப் பார்த்து, இடம் போதுமானால்தான் பலகைக்கு மாற்ற வேண்டும். தாளின் பின்புறம் சாக்பீஸைத் தேய்த்து, பலகைமேல் வைத்து, எழுத்தின் ஓரத்தைப் பென்சிலால் அழுத்தி வரைந்தால் அச்சு விழும். பலகை வெளிர்நிறமானால் சாக்பீஸுக்குப் பதில் பென்சில் கரியைத் தேய்க்கவும்.

7. பெயிண்ட் எழுதும்போது கை நடுங்காதிருக்க, ஒரு குச்சியின் நுனியைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். போர்டு எழுதும் ஓவியர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

தமிழ் எழுத்துக்கு ஒரு சொல்

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழ் எழுத்து அப்படியன்று. 'கி', 'கீ' ஆகியவற்றின் வளைவும், மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏறும். 'கு', 'மு', 'ரு' போன்றவை கீழே இறங்கும். இதைக் கவனிக்காமல் இரண்டு கோட்டுக்குள் எழுதினால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். ஆகவே ஒருவருக்குரிய இரண்டரை அங்குலத்தை இரண்டு வரியாக்குங்கள். ஒன்றேகால் அங்குல வரியை ஐந்து பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் கால் அங்குலம். மேல் பங்கு விசிறிக்கும் புள்ளிக்கும். நடு மூன்று பங்கு எழுத்தின் உடலுக்கு. கீழ்ப் பங்கு இறங்கும் காலுக்கு. முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் ஊரும் வேலையும்.

பழைய பாத்திரங்களில் இன்று நாம் எழுதாத சில எழுத்துகளைக் காணலாம். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதுவரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவில் எழுதப்பட்டன. 'லை' என்பதில் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருந்தது. 'அஞ்சலை', 'அண்ணாமலை', 'பொன்னாத்தாள்' என்ற பெயர்களைப் பழைய குடங்களில் பார்த்தால் இது விளங்கும். அந்தப் பெயரைப் பலகையில் எழுதும்போது புது எழுத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. பாட்டி தன் பெயரைக் கண்ட வடிவம் அதுதான்.

எடுத்து வைத்த படியை அப்படியே பெரிதாக்கிக்கொள்ளலாம். படியின்மேல் கால் அங்குலக் கட்டங்களும், பெரிய தாளில் அரை அங்குலக் கட்டங்களும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் எழுத்து இரண்டு மடங்காகும். ஜெராக்ஸ் கடையிலும் பெரிதாக்கித் தருவார்கள். பெயர் வெட்டியவரின் கைக்கோணல் எதுவானாலும் அதையும் விட்டுவிடாமல் வரையுங்கள்.

மாட்டுவதும் காப்பதும்

பித்தளைத் திருகாணி துருப்பிடிக்காது. திருகுமுன் மெல்லிய துளை போட்டுக்கொண்டால் மரம் பிளக்காது. மழைச்சாரலும் நேர் வெயிலும் படாத முன்கூடமே ஏற்ற இடம். சுவரில் ஈரக்கசிவும் கரையானும் இல்லாததைப் பார்த்து மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வாசலில் எழுதுவது நம் மறைக்கும் புதிதன்று. மூன்று அரசர்கள் திருநாளில் மந்திரித்த சாக்பீஸால் வீட்டு நிலையில் ஆண்டையும் மூன்று இலத்தீன் எழுத்துகளையும் எழுதும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. 2025-இல் அது 20+சி+எம்+பி+25 என்று அமைந்திருக்கும். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற அரசர்களின் முதலெழுத்துகள் என்றும், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்ற இலத்தீன் வேண்டுதலின் முதலெழுத்துகள் என்றும் அதற்கு விளக்கம் கூறுவர். பலகை மாட்டும் நாளில் குடும்பத்தார் கூடிநின்று, அதிலுள்ள பெயர்களை ஒருமுறை உரக்க வாசித்துச் செபித்தால் அதுவே போதிய திறப்பு விழா.

கீழே விட்ட இரண்டு அங்குலம் எதற்கு? இப்பலகை நம்மோடு முடிவதன்று. இன்று நமக்குச் சோறு பிசைந்து தரும் அம்மாவின் பெயர் ஒரு நாள் அங்கே வரவேண்டும். அதை எழுதும் கை நம் மகளுடையதாக இருக்கலாம். பலகையின் பின்புறத்தில் இன்றைய தேதியையும், செய்தவர்களின் பெயரையும், செய்தி சொன்ன பெரியவர்களின் பெயரையும் மறவாமல் குறித்து வையுங்கள்.

மரத்தையும் பெயிண்டையும் அடுத்த கோடை விடுமுறைக்கு வாங்கிக்கொள்ளலாம். கேள்வியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அன்புத் தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.